மாங்குளத்துக்குக் கீழே

கட்டிலின்ர தலைமாடு வடக்கு.
வடக்கே தலை வைக்காதையெண்டு சொல்ல
இந்த வாட்டில ஒருத்தருமில்லை.
கண்டி வீதிக்குச் சமாந்தரமாய்க் கிடக்கிறன்.
பதினொரு வருசம் மிதிபலகையில நிண்டு போன வீதி
சுவருக்கு அங்கால ஓடுது.

தர்மினி மிஸ் குண்டூசியோட வாறா.
"கண்ணை மூடுங்கோ குகதாசன் அண்ணை.
கூரா, மொட்டையா, அதை மட்டும் சொல்லுங்கோ."

தோளில கூர்.
கைப் பெருவிரல் கூர். அது கழுத்தின்ர ஆறாம் நரம்பாம்.
நடுவிரல் ஏழு. சின்னிவிரல் எட்டு.
எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.
நூறை ஒரு இடுக்கில, ஐஞ்சூறை அடுத்ததில
நீளவாட்டில மடிச்சுச் செருகி
இவ்வளவு காலமும்
மூண்டு நரம்புக்கு நடுவில நிண்டு
மிச்சக் காசு குடுத்திருக்கிறன்.

முலைக்காம்பு மட்டம் கூர். நெஞ்சின்ர நாலாம் நரம்பு.
எனக்கு அது கிளிநொச்சி.
அதுக்குக் கீழே தோல்
விலாவோட வளைஞ்சு பட்டி பட்டியாய் இறங்குது.
பட்டிக்கு ஒரு சோடி நரம்பு,
இடப்பக்கம் ஒண்டு வலப்பக்கம் ஒண்டு,
மல்லாவிக்குத் திரும்புறதும்
ஒட்டுசுட்டானுக்குத் திரும்புறதும் மாதிரி.
முறிகண்டியில கூர்.
கண் மூடியிருந்தும் கை
சட்டைப் பையில சில்லறை தேடிச்சுது.

தொப்புள்.
கூரா மொட்டையா எண்டு பிடிபடேல்லை.
தொப்புள்தான் மாங்குளம்.
விழுந்ததும் இதுக்குக் கிட்டத்தான்:
குறுக்கால ஒரு நாம்பன், பிரேக்,
திறந்த கதவு.

"வெட்டின மாதிரி நிக்காது அண்ணை.
பக்கத்து நரம்பு கொஞ்சத் தூரம் கடன் குடுக்கும்."
அது விளங்கிச்சுது.
ஒரு பஸ் பழுதாகி நிண்டால்
பின்னால வாறவன் சனத்தை ஏத்தத்தானே வேணும்.
நீலப் பேனையால வயித்தில
இரண்டு விரல் அகலத்துக்குப் புள்ளி வைச்சா.

கனகராயன்குளம் இல்லை.
புளியங்குளம், முழங்கால், இல்லை.
ஓமந்தை. காற் பெருவிரல்.
"கூர்" எண்டன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"இப்ப?"
"ஓம். கூர்."
"அண்ணை, ஊசி என்ர பொக்கெற்றுக்குள்ள இருக்கு."

டிக்கெற் எடுக்காமல்
யன்னலில தலை சாய்ச்சு நித்திரை நடிக்கிறவனை
நான் ஒருநாளும் எழுப்பாமல் விட்டதில்லை.
கண்ணைத் திறக்காமலே கிடந்தன்.

பிறகு சின்னச் சுத்தியலால
முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு.
கால் எழும்பிச்சுது!
மூண்டு மாசமாய்ச் செத்துக் கிடந்த கால்.
சந்திரவதனி கத்தினதில
பிளாஸ்க் மூடி விழுந்து தேத்தண்ணி நிலமெல்லாம்.

"அக்கா, அவசரப்படாதேங்கோ.
தட்டினது முதுகுப்புற வேரால உள்ள போய்
அங்கயே திரும்பி
வயித்துப்புற வேரால வெளியில வந்து
தசையை இழுத்திட்டுது.
மூளைக்குச் சேதி போகேல்லை."

கச்சேரிக்குப் போகாமல்
ஊருக்குள்ளயே தீர்ந்த வழக்கு.
சந்திரவதனி குந்தியிருந்து தேத்தண்ணி துடைச்சாள்.
அவளுக்கு அது குறைவான விசயமாய்த் தெரியேல்லை,
துடைக்கத் துடைக்க
என்ர காலையே பாத்துக்கொண்டிருந்தாள்.

வீதி பூட்டிக் கிடந்த காலத்தில
ஓமந்தைக்கு அங்காலயும் சனம்
சோறு காய்ச்சிச்சுது, சண்டை பிடிச்சுது, பிள்ளை பெத்துது.
எங்களுக்குத்தான் ஒண்டும் தெரியாது.

விடிய ஐஞ்சரை.
சந்தியில ஆரோ புதுப் பெடியன்
"மல்லாவி மல்லாவி மல்லாவி" எண்டு கூப்பிடுறான்,
மூச்சு விடத் தெரியாமல்.
போர்வைக்குள்ள இடக்கால் துள்ளுது.
நான் அனுப்பேல்லை.

விரல் மொழியால
கட்டில் சட்டத்தில
இரண்டு தட்டுத் தட்டினன்.